பதினோராம் நம்பர்

கோபியில் ஒரு மஞ்சள் கிடங்கை
மூன்று நாள் வாடகைக்கு எடுத்து
உலகத்தை அழிக்கும் இயந்திரத்தை உள்ளே வைத்தார்கள்.
காவலுக்கு நாங்கள்:
தறிக்காரர் ஏழு பேர், கரும்பு வெட்டுகிறவர் நாலு பேர்.
கறுப்பு பனியன். முதுகில்
வெள்ளை பெயிண்டில் நம்பர்.
நான் ஏழு. பொங்கியண்ணன் பதினொன்று.
கூலி முப்பது ரூபாய், மத்தியானம் பொட்டலச் சோறு.

சண்டை மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்:
ஒருத்தன் பின்னால் ஒருத்தனாகப் போங்கள்,
மொத்தமாய்ப் போனால் உளவாளி செத்துப்போவார்.
துப்பாக்கி கையில் இருக்கிறதே என்று குறி பார்க்காதீர்கள்,
குண்டு தூணுக்கு.
மற்றபடி அவர் கை பிடரிக்கு வரும் முன்னமே
விழ ஆரம்பித்துவிட வேண்டும்.

ஒரு மூச்சில் ரெண்டு மூட்டை ஏற்றுகிற தோள்
பொங்கியண்ணனுக்கு.
உளவாளிக்கோ மெல்லிய மணிக்கட்டு,
கையை ஓங்கினால் கடிகாரம்
முழங்கைக்கு நழுவிவிடும்.
"ஏனுங்க, ஒரே ஒரு தடவ
நெசமாத் தாங்கிப் பாக்கட்டுங்களா?"
மாஸ்டர் சிரிக்கவில்லை.
"தாங்குற ஆளுக்குச் சம்பளம் வேறப்பா."

விழுந்தோம், மஞ்சள் தூள்மேல்.
நலங்கு வைத்த மாப்பிள்ளைகளாய் எழுந்தோம்.
உதறிவிட்டு, நம்பரை மாற்றி எழுதி
பொழுதோட மறுபடி கொன்றார்கள்.
அந்தப் படத்தில் மூன்று தடவை செத்திருக்கிறேன்.
ஒரு தடவைகூட
மூக்கில் யாரும் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

பெரிய வில்லனின் சாவு அப்படியல்ல.
அதற்குக் கொடிவேரியில் தனியாக ஒரு நாள்,
தனியாகப் புகை.
அவருக்கு நீச்சல் தெரியாது.
அவருடைய கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு
மதகு மேட்டிலிருந்து குதிக்க
எழுபத்தைந்து ரூபாய் என்றார்கள்.
பொங்கியண்ணன் கை தூக்கினான்.
ஆடி மாசம். பவானியில் செந்தண்ணி.

முதல் தடவை தொப்பி மிதக்கவில்லை.
ரெண்டாவது தடவை மிதந்தது,
குறுக்கே ஒரு எருமை வந்துவிட்டது.
மூன்றாவது தடவை எல்லாமே சரியாக அமைந்தது.
தொப்பி சுழன்று சுழன்று போனது,
கேமரா அதன் பின்னாலேயே போனது,
நாங்களும் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோட்டு காணோம் என்று
கம்பெனி ஆள் புகார் எழுதிக்கொடுத்தார்.
பரிசல்காரர்கள் ரெண்டு நாள் துழாவினார்கள்.
சீட்டுக் கடன் கழுத்தை நெரித்தது, தப்பித்தான் என்றது ஊர்.
பாலக்காட்டு பஸ்ஸில்
வெயிலில் கோட்டுப் போட்ட ஒருத்தனைப்
பார்த்ததாகச் சொன்னவனும் உண்டு.

படம் வந்தது. பதினெட்டு நாள் ஓடியது.
பதினெட்டு நாளும் சரசாத்தாள் தரை டிக்கெட்டில் இருந்தாள்.
கடைசிக் காட்சி:
தொப்பி போய்விட்ட வெறும் தண்ணீர்.
வணக்கம் போடப்போகிறார்கள் என்று ஜனம் எழும்போது
பாறையைப் பற்றுகிறது ஒரு கை.
கறுப்புக் கோட்டுக் கை.
கட்டைவிரலில் கருக்கரிவாள் வெட்டிய தழும்பு.
தியேட்டர் விசிலடித்தது,
வில்லன் சாகவில்லை, அடுத்த பாகம் இருக்கிறது.

அவள் என் தறிக்கு வந்தாள்.
ஓடுகிற தறியை நிறுத்தச் சொன்னாள்.
நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.
"நீங்க கூடவே இருந்தவங்க.
அந்தக் கைய எடுத்தது
குதிக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

காலையில் எடுத்தார்கள்.
ஆற்றில் இறங்கும் முன், வெயில் ஏறும் முன்,
ஒரு வாளித் தண்ணியை நான்தான் அந்தக் கைமேல் ஊற்றினேன்.
"சில்லுனு இருக்குது, சித்த நில்லுடா" என்றான்.

என்னைத் தொடக்கூட இல்லை அவள்.
"பின்னாலதானுங்க" என்று
விழுந்தேன்.